சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் ஏறத்தாழ 15,350 கி.மீ. அட்டவணைப்படி பதினெட்டரை முதல் 19 மணி நேரம்.

தூரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தீர்க்கரேகைப்படி சாங்கி 104° கிழக்கு, ஜே.எஃப்.கே. 74° மேற்கு, கூட்டினால் 178°, கிட்டத்தட்ட 180°. அதாவது பூமிப் பந்தின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சாங்கி 1.4° வடக்கில் இருக்கிறது, அங்கிருந்து துருவத்துக்கு 88.6°. துருவத்திலிருந்து 40.6° வடக்கில் உள்ள ஜே.எஃப்.கே.வுக்கு 49.4°. மொத்தம் 138°. டிகிரிக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்கினால் 15,346 வரும். எதிரெதிர்த் தீர்க்கரேகை ஊர்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு தளம் 9,540 மைல் என்றும் இன்னொன்று 8,290 என்றும் காட்டினால் குழம்ப வேண்டாம். முன்னது தரை மைல், பின்னது கடல் மைல்.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இது 17 மணி நேரம்தானே, மீதி எங்கே போகிறது? ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. டிக்கெட்டில் உள்ள நேரம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை என்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேரும். மிக முக்கியமானது காற்று, அதற்கேற்ப வழியே மாறும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடிக்க, போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக வட பசிபிக்கைக் கடப்பார்கள். கிலோமீட்டர் கூடும், ஆனால் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அதே காற்று எதிர்க்கும் என்பதால் அன்றைய நிலையைப் பார்த்து வேறு வழி எடுப்பார்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது எதுவும் பிடிபடாது.

இவ்வளவு தூரம் எல்லா விமானத்தாலும் முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். என்ற மிக நீண்ட தூர ரகத்தைப் பயன்படுத்துகிறது. எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர், இருக்கைகள் 161 மட்டுமே. எடையைக் குறைக்கத்தான் அப்படி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

பலரும் தவறுவது தேதியில். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். கோடையில், வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தாலும், அதே வெள்ளி காலை 6:30க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது நேர்மாறு: வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பினால், பதினெட்டே முக்கால் மணி நேரத்தில் சிங்கப்பூரில் ஞாயிறு விடியற்காலை 4:45. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன '+2' இதைத்தான் சொல்கிறது. அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ தனி டிக்கெட் போடுகிறவர்கள் சனிக்கிழமைக்குப் போட்டுவிடாதீர்கள்.