முதல் தெரிவுகள் கிடைத்தும் தோற்ற அணி

கேள்வி: கனடாவின் எட்மன்டன் நகரில் வசிக்கும் என் மாமா, தங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணிக்குச் சிறந்த இளம் வீரர்கள் வருடா வருடம் கிடைத்தும் அது பத்து வருடம் கரைசேரவில்லை என்கிறார். அது எப்படி?
– வாசகர், மாத்தளை

பதில்: புல்தரை ஹொக்கியில் ஊறிய மாத்தளையிலிருந்து இக்கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. மாமா குறிப்பிடுவது எட்மன்டன் ஒயிலர்ஸ் அணியை. 2006இல் இறுதிப் போட்டி வரை சென்ற அவ்வணி, அடுத்த 10 பருவங்களில் ஒருமுறைகூட பிளேஓஃப் எனும், கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றை எட்டவில்லை.

அவ்வணி ஆடும் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கித் தொடரான என்.எச்.எல். லீக்கில் பின்தங்கிய அணிகளுக்குப் புதிய வீரர்களைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை உண்டு. அவ்வாறு 2010இல் டெய்லர் ஹோலையும், 2011இல் ரையன் நியூஜென்ட்-ஹொப்கின்ஸையும், 2012இல் நெய்ல் யாகுபொவையும் ஒயிலர்ஸ் முதல் தெரிவாகவே பெற்றது. மூவரும் முன்கள வீரர்கள்; கோளாறு அங்கேதான் தொடங்கியது. சொந்த எல்லையின் மூலையில், முதுகுக்குப் பின்னால் இரண்டு எதிராளிகள் பாய்ந்து வர, ஓரிரு விநாடிக்குள் தோளுக்கு மேலாகப் பார்த்து ரப்பர் வட்டைத் துல்லியமாக முன்னே தள்ளிவிடும் பின்கள வீரர் இல்லாவிட்டால், எவ்வளவு திறமையான முன்கள வீரரும் வட்டு வராத இடத்தில் காத்து நிற்க வேண்டியதுதான்.

பணமும் அதே பக்கம் சாய்ந்தது. 2014-15 பருவத்தில் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 69 மில்லியன் டொலர். ஹோல், நியூஜென்ட்-ஹொப்கின்ஸ், ஜோர்டன் எபர்லே ஆகிய மூன்று முன்கள வீரர்களின் நீண்டகால ஒப்பந்தங்கள் மட்டுமே வருடத்துக்கு 18 மில்லியன். எஞ்சியதைக் கொண்டுதான் பின்களத்தையும் கோல் காப்பையும் நிரப்ப வேண்டியிருந்தது.

அனுபவசாலிகளின் நிழலில் பழக வேண்டிய பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் மீது முழுப் பாரத்தையும் ஏற்றியது எனக்கு இன்னும் பெரிய பிழையாகத் தோன்றுகிறது. தேயிலைத் தோட்டத்தின் எல்லா மலைகளையும் ஒரே வருடத்தில் கவ்வாத்து வெட்டினால் கொழுந்தெடுக்க இடமேது?

2015இல் இளம் முன்கள வீரர் கொனர் மெக்டேவிட்டும் கோல் காப்பாளர் கெம் டெல்பொட்டும் வந்து சேர்ந்தார்கள். 2016 ஜூனில் நிர்வாகம் ஹோலையே நியூ ஜெர்சிக்குக் கொடுத்து, பின்கள வீரர் எடம் லார்சனை வாங்கியது. அடுத்த பருவத்தில் டெல்பொட் 73 போட்டிகளில் கோல் காக்க, அணி பிளேஓஃபுக்குத் திரும்பியது. ஹோலோ 2018இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். மாமாவுக்கு அந்த மாற்றத்தில் இன்னமும் வருத்தம் இருந்தால் அது நியாயமே. ஆனாலும், பின்களத்தை ஆறு வருடம் பொருட்படுத்தாதிருந்த நிர்வாகத்துக்கு அன்று மலிவான வழி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை என்றே கருதுகிறேன்.