தீவனத் தானியம்: வெட்டும் பருவமும் காயும் பதமும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் 50 சென்ட் நிலமும் இரண்டு கலப்பினக் கறவை மாடுகளும் இருக்கின்றன. மக்காச்சோளத்தை விலைக்கு வாங்கி அரைத்துக் கட்டுப்படியாகவில்லை. அந்த 50 சென்ட்டில் நானே விளைவித்தால் வருடம் முழுக்கப் போதுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

போதும். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடலைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, கறக்கும் லிட்டருக்கு 400 கிராம் வீதம் 3.2 கிலோ, ஆக 4.7 கிலோ அடர்தீவனம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு தானியம். ஒரு மாட்டுக்கு ஒன்றரை கிலோ, இரண்டுக்கும் 3 கிலோ என்றால் வருடத்துக்கு 1,100 கிலோ. பால் வற்றும் மாதங்களில் இதைவிடக் குறைவாகவே செலவாகும். வீரிய ஒட்டு மக்காச்சோளம் இறவையில் 50 சென்ட்டில் 12 குவிண்டால் தருவது அரிதல்ல. ஒரே பட்டத்தில் வருடத் தேவை முடிந்துவிடும். மீதிப் பட்டத்தைப் பசுந்தீவனத்துக்கு விடலாம்.

50 சென்ட்டுக்கு 4 கிலோ விதை. 60 செ.மீ. இடைவெளியில் பார் (மண்மேட்டு வரிசை) போட்டு, செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டு, குழிக்கு ஒரு விதை ஊன்றுங்கள். அடியுரமாக இரண்டரை டன் தொழு உரம், 33 கிலோ டிஏபி, 25 கிலோ பொட்டாஷ், 14 கிலோ யூரியா. 25ஆம் நாள் 54 கிலோ யூரியா, 45ஆம் நாள் 27 கிலோ யூரியா மேலுரம். மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதன்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண் பூ வெளிவந்து கதிரில் பட்டு நூல் தொங்கும் இரண்டு வாரம் மட்டும் தண்ணீர் தவறவே கூடாது. அப்போது வாடினால் கதிரில் பொக்கு விழும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அது நிறையாது.

இதுவரை சொன்னதைப் பலரும் சரியாகவே செய்கிறார்கள். அறுவடைக்குப் பிறகுதான் விளைந்ததைக் கெடுக்கிறார்கள். கதிரின் மேலுறை காய்ந்து வெளுத்ததும் நடுக்கதிரிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்து, அதன் அடிமுனையைக் கிள்ளிப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஒரு படலம் தெரிந்தால் மணி முற்றிவிட்டது என்று பொருள். ஆனால் அப்போதும் மணியில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். மழை வராது என்றால் செடியிலேயே இன்னும் ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். ஒடித்த கதிரை உடனே மிஷினில் போட்டால் மணி நசுங்கும், உடையும். உடைந்த மணியில்தான் பூஞ்சாணம் முதலில் ஏறும். உறையுரித்த கதிரைக் களத்திலோ தார்ப்பாயிலோ காயவைத்து, பிறகு மணி பிரியுங்கள். தார் ரோட்டில் காயப்போடுவதை விட்டுவிடுங்கள். மண்ணும் எண்ணெய்க் கசிவும் மாட்டின் வயிற்றுக்குள் போகின்றன.

ஈரம் பார்க்க மீட்டர் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மணியும் ஒரு கைப்பிடி வறுத்து ஆறவைத்த தூள் உப்பும் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்துவிட்டாலும் அன்றே மூட்டை கட்டாதீர்கள். நமக்கு வேண்டியது 12 சதவீதம். நல்ல வெயிலில் இன்னும் இரண்டு நாள் காயட்டும். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகு மூட்டை பிடித்து, மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் அஃப்ளாடாக்சின். ஈரம் மிஞ்சிய மணியில் வளரும் ஒருவகைப் பூஞ்சாணம் சுரக்கும் நஞ்சு இது. ஈரலைக் கெடுக்கும், பாலைக் குறைக்கும், பாலிலும் இறங்கும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. பூசணம் பிடித்த மணியை மறுபடி வெயிலில் போட்டாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. அதை மாட்டுக்கு வைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

100 கிலோ அடர்தீவனக் கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 33, புண்ணாக்கு 30, தவிடு 34, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1 கிலோ.

கேள்வி: மானாவாரியில் விதைத்த சோளம் மழையில்லாமல் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. போன வாரம் ஒரு மழை பெய்து நன்றாகத் துளிர்த்ததால் மாட்டை அவிழ்த்து விட்டோம். அரை மணி நேரத்தில் மாடு தள்ளாடி விழுந்துவிட்டது. டாக்டர் வந்து காப்பாற்றினார். விதையில் குறையா?
– வாசகி, காங்கேயம்

விதையில் குறையில்லை. சோளத்தின் இளம் இலையில் துரின் என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. மாடு அதை மென்று விழுங்கியதும் வயிற்றில் சயனைடு பிரிகிறது. பயிர் வளர வளர அது குறையும். வறட்சியில் குன்றிய பயிரில் குறையாமல் தங்கிவிடும். மழைக்குப் பின் அடியிலிருந்து வரும் துளிரில் மிக அதிகம். நீங்கள் மேயவிட்டது மிக ஆபத்தான கட்டத்தில். ஆட்டுக்கும் இதே கதிதான்.

தானியச் சோளமானாலும் ஒரு வெட்டுத் தீவனச் சோளமானாலும் பாதிப் பயிர் பூட்டை விட்டுப் பூத்த பிறகே பச்சையாக வெட்டிப் போடுங்கள். கோ எஃப்எஸ் 29, கோ எஃப்எஸ் 31 போன்ற பல வெட்டு ரகங்களை முதலில் 65 நாளிலும், பிறகு 50 நாளுக்கு ஒரு முறையும் வெட்டலாம். வெட்டிய கட்டையில் வரும் மறுதாம்பை அதற்கு முன்னால் மேயவிடக் கூடாது. வறண்ட பயிருக்கு மழை கிடைத்தால் குறைந்தது இரண்டு வாரம் அந்தப் பக்கம் மாட்டைக் கொண்டு போகாதீர்கள். பசியோடு இருக்கும் மாட்டை எந்தச் சோளக்காட்டிலும் அவிழ்த்து விட வேண்டாம். முதலில் வைக்கோலோ காய்ந்த தட்டோ போட்டு அரை வயிறு நிரப்புங்கள்.

குன்றிய பயிர் முழுவதும் வீண் என்று உழுதுவிட வேண்டாம். அறுத்து முறுகக் காயவைத்துத் தட்டாகப் போர் போட்டால் சயனைடு பெரும்பகுதி போய்விடும். அரைகுறையாக வாடியதைப் போடுவதுதான் தவறு, அதில் நஞ்சு அப்படியே இருக்கும். ஆனால் யூரியா அதிகமாகப் போட்ட பயிர் வறட்சியில் நின்றால் அதில் நைட்ரேட்டும் சேரும். அது காயவைத்தாலும் போகாது. அத்தகைய தட்டை வேறு தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகவே கொடுங்கள்.

மூச்சு வாங்குதல், வாயில் நுரை, தள்ளாட்டம் தெரிந்த உடனே கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். என்ன தின்றது, எப்போது தின்றது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சயனைடுக்கும் நைட்ரேட்டுக்கும் மருந்து வேறு. ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறதா, சாக்லேட் நிறமாக இருக்கிறதா என்பதை வைத்தே மருத்துவர் முதலில் பிரித்துப் பார்ப்பார்.

கேள்வி: ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளத்தை 60ஆம் நாள் வெட்டி மூட்டைகளில் ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போட்டேன். சில மூட்டைகளில் சாண நாற்றம், சிலவற்றில் வெள்ளைப் பூசணம். எங்கே தவறு?
– வாசகர், பெரம்பலூர்

இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. 60ஆம் நாளில் கதிரில் மணியே பிடித்திருக்காது. தண்டில் தண்ணீர்தான் அதிகம். நீர் மிகுந்தால் புளிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர் தோற்று, அழுக வைக்கும் நுண்ணுயிர் வென்றுவிடும். சாண நாற்றம் அதனால் வந்தது. வெள்ளைப் பூசணம் காற்றுப் புகுந்த மூட்டையில் வந்திருக்கும். எலி கடித்த சிறு ஓட்டை போதும். இனி மூட்டை திறக்கும்போது புகையிலை நிறமும் கருகிய வாசனையும் கண்டால், அது சரியாக மிதிக்காததால் உள்ளே சூடேறிய மூட்டை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கதிரை ஒடித்து இரண்டாக முறித்துப் பாருங்கள். மணியின் மேல்பாதி கெட்டியாகவும் அடிப்பாதி பாலாகவும் இருக்க வேண்டும். அநேகமாக 80 முதல் 85 நாளில் இந்தப் பதம் வரும். 2 முதல் 3 செ.மீ. துண்டாக நறுக்கி, ஒரு பிடியை அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். சாறு சொட்டினால் மீதிப் பயிரை நறுக்காமல் ஒரு நாள் நிழலில் வாடவிடுங்கள். உருண்டை மெல்ல மெல்லப் பிரிந்தால் சரியான பதம். உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

பதம் சரியானால், நறுக்கிய அன்றே மூட்டை கட்டி முடியுங்கள். உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் பை, வெளியே சாக்கு. ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் ஒருமுறை மிதித்து, வாயைத் திருகி மடக்கிக் கட்டுங்கள். மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருப்பதால் வெல்லப்பாகு வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். 45 நாள் கழித்துத் திறக்கலாம். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் தயிர்ப் புளிப்பு வாசனையும் இருக்க வேண்டும். திறந்த மூட்டையை இரண்டு நாளில் முடியுங்கள். மாட்டுக்கு 5 கிலோவில் தொடங்கி, பத்து நாளில் 15 கிலோ வரை கூட்டலாம். கெட்டுப்போனவற்றை எருக்குழியில் போடுங்கள்.

கேள்வி: வீட்டுக் கம்பில் எலிப் புழுக்கை போலக் கறுப்பாக இருக்கிறது. கோழிக்குப் போடலாமா?
– வாசகி, ஓமலூர்

போடாதீர்கள். பூக்கும் சமயத்தில் மழைத்தூறல் இருந்தால் கதிரில் தேன்போல் ஒழுகும் நோய் வரும். அதன் முடிவில் உருவாகும் பூஞ்சாணக் கட்டிதான் இது, நஞ்சு. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து, கம்பைக் கொட்டிக் கிளறுங்கள். மிதக்கும் கட்டிகளையும் பொக்கையும் அள்ளி எரியுங்கள். அடியில் தங்கிய மணியை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். விதைக்கும் இதையே செய்யுங்கள்.

கேள்வி: மக்காச்சோளத்தை முழுதாக ஊறவைத்து மாட்டுக்கு வைக்கிறோம். சாணியில் அப்படியே வருகிறதே?
– வாசகர், ஓட்டன்சத்திரம்

மணியின் தோலை மாட்டால் முழுவதும் மென்று உடைக்க முடிவதில்லை. குருணையாக உடைத்துக் கொடுங்கள், ரவையைவிடச் சற்றுப் பெரிதாக. மாவாக அரைத்தால் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் ஏறி மாடு தீவனத்தை விட்டுவிடும். பழக்கமில்லாத மாட்டுக்கு அரை கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். விருந்து வீட்டு மிச்சச் சோற்றையும் இதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: படைப்புழுவுக்கு மருந்தடித்த மக்காச்சோளத் தட்டை எப்போது மாட்டுக்குப் போடலாம்?
– வாசகர், பல்லடம்

டப்பாவில் அச்சிட்ட காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகு. 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு அதே வருடம் நம் பக்கம் பரவிய புழு இது. இலையில் ஊசித் துளைகளும் கண்ணாடிபோல் சுரண்டலும் தெரியும் இரண்டாவது வாரமே கவனித்தால் மருந்து இல்லாமலேயே சமாளிக்கலாம். 9 பங்கு மணலோடு 1 பங்கு சுண்ணாம்பைக் கலந்து குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடுங்கள். பச்சையாக வெட்டும் பாத்தியைத் தனியாகப் பிரித்து, அதில் இந்த முறையை மட்டும் பின்பற்றுங்கள்.