வாசகர் கேள்வி–பதில்: வேலைக்குப் போகும் பெண்களின் காதலும் மங்காவும்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்தது முதல் சரக்கு போவது வரை வேலைகளை ஒருங்கிணைப்பவராக) இருக்கிறேன். வயது 29; திருமணம் ஆகவில்லை. தங்கை கொடுத்த மங்காக்களில், அதாவது ஜப்பானியப் படக்கதைகளில், எல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் காதல்தான் இருக்கிறது. என்னைப் போன்றவர்களின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் காதல் மங்கா உண்டா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நிறையவே உண்டு. ஜப்பானிய மங்கா இதழ்கள் பெரும்பாலும் வாசகரின் வயதையும் பாலினத்தையும் மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. உங்கள் தங்கை படிப்பவை சிறுமியருக்கான ஷோஜோ வகையாக இருக்கும். வளர்ந்த பெண்களுக்கான வகையை ஜோசெய் என்கிறார்கள். கோடான்ஷா நிறுவனத்தின் 'கிஸ்', ஷோடென்ஷா நிறுவனத்தின் 'ஃபீல் யங்' ஆகியவை அவ்வகையில் பெயர் பெற்ற இதழ்கள். வேலைவாய்ப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்னும் சட்டம் ஜப்பானில் 1985இல் இயற்றப்பட்டு 1986இல் நடைமுறைக்கு வந்தது. பதவி உயர்வையும் பொறுப்பையும் எதிர்பார்த்து அலுவலகத்துக்குள் நுழைந்த பெண்களின் தலைமுறை ஒன்று அதன் பின் உருவானது. இக்கதைகளின் நாயகியர் பலர் அந்தத் தலைமுறைக்கும் அதற்கு அடுத்ததற்கும் உரியவர்கள்.

முதலில் அகிகோ ஹிகாஷிமுராவின் 'டோக்கியோ தராரெபா கேர்ல்ஸ்' தொடரைப் படியுங்கள். ஆங்கிலத்தில் கிடைக்கிறது, 9 தொகுதிகள்தான். நாயகி ரின்கோ 33 வயதுத் திரைக்கதை எழுத்தாளர். 2020 ஒலிம்பிக் போட்டிகள் டோக்கியோவில் நடக்கப்போகின்றன என்று தெரிந்ததும், அதற்குள் திருமணம் செய்துகொண்டுவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறாள். தோழியர் இருவருடன் மதுக்கடையில் உட்கார்ந்து, அன்று அப்படிச் செய்திருந்தால் இன்று இப்படி ஆகியிருக்காதே என்று பேசிப் பேசியே இரவுகளைக் கழிக்கிறாள்; போதை ஏறியதும் தட்டில் உள்ள உணவுப் பண்டங்களே உயிர் பெற்று அவளைக் கடிந்துகொள்கின்றன. கல்யாண வீடுகளில் "இன்னும் எத்தன நாளைக்கு அம்மிணி இப்படியே இருப்பே?" என்று பெரியவர்கள் கேட்கும் கேள்வி, அங்கே அவளது மனத்துக்குள்ளிருந்தே எழுகிறது. பெண்ணின் மதிப்பை வயதை வைத்து அளக்கும் குரலுக்கு ஹிகாஷிமுரா சில இடங்களில் தேவைக்கு மேல் இடம் கொடுத்துவிடுகிறார் என்பது என் கருத்து. அங்கெல்லாம் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் தன்னைவிட இளையவருக்கு வேலை வாய்ப்புப் போவதைப் பார்த்து ரின்கோ கலங்கும் பக்கங்கள், அவளது காதல் தோல்விகளைவிட ஆழமாக என்னைத் தைத்தன.

அடுத்ததாக, யாயோய் ஒகாவாவின் 'கிமி வா பெட்டோ'. 2000 முதல் 2005 வரை வெளிவந்த இத்தொடர் 2003இல் கோடான்ஷா மங்கா விருது பெற்றது. செய்தித்தாள் நிருபரான சுமிரே, தெருவில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த இளைஞனை வீட்டுக்குக் கொண்டுவந்து செல்லப்பிராணியாக வைத்துக்கொள்கிறாள். இதை எப்படி நடப்பியல் என்பது என்று நீங்கள் கேட்கலாம். கதைக்கரு நம்ப முடியாததுதான். ஆனால் படிப்பாலும் பதவியாலும் தனக்குப் பொருத்தமான காதலன் முன்னால் தன் சோர்வையும் அழுகையையும் காட்ட முடியாமல் எப்போதும் திறமைசாலியாகவே நிற்க வேண்டியிருக்கும் பெண்ணின் தவிப்பை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதைகள் குறைவு. துணி வாங்கும் நிறுவனத்தாரிடமும் மேலாளரிடமும் நாள் முழுதும் கலங்காத முகத்தோடு பேசிவிட்டு வீடு திரும்பும் உங்களுக்கு அது விளக்காமலே புரியும்.

அலுவலகக் காதலை இலகுவாகச் சொல்லும் கதை வேண்டுமென்றால் ஃபுஜிதாவின் 'வோடகோய்' இருக்கிறது.

கேள்வி: என் மகள் கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். இத்தகைய படக்கதைகளைப் படிக்கிறாள். வருகிற வரன்களை எல்லாம் தட்டிக்கழிக்கிறாள். கதைகள் அவள் மனத்தைக் கெடுக்கின்றனவா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் திருமணமே வேண்டாம் என்று இக்கதைகள் சொல்வதில்லை. மேலே சொன்ன ரின்கோ திருமணத்துக்காக ஏங்குகிறவள். மோயோகோ அன்னோவின் 'ஹதராகி மேன்' பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஆண்களுக்கான 'மார்னிங்' இதழில் வந்த தொடர் என்பதால் ஜோசெய் வகையில் கண்டிப்பாகச் சேராது. முடிவு பெறாமலும் நிற்கிறது. அதன் நாயகி ஹிரோகோ, வார இதழ் ஒன்றில் ஆசிரியராக இருக்கும் 28 வயதுப் பெண். வேலை என்று வந்துவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுவாள். காதலனுக்கும் ஓயாத வேலை. இருவரும் சந்திக்கவே நேரம் கிடைப்பதில்லை. அன்பு இருந்தும் நேரமில்லாமல் உறவு தேயுமா என்பதே அதில் என்னைத் தொட்ட கேள்வி.

நம் பக்கத்தில் வரன் பார்க்கும்போது கூட்டம் (குலப்பிரிவு) கேட்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று விசாரிக்கிறோம். மாதக் கடைசியில் இரவு பத்து மணி வரை அவளுக்கு வேலை இருந்தால் அந்த வீட்டில் யார் என்ன சொல்வார்கள், வெளியூர் மாற்றல் வந்தால் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காததால் உங்கள் மகள் தயங்குகிறாளோ என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். அவள் படிக்கும் தொகுதி ஒன்றை வாங்கிப் புரட்டியும் பார்க்கலாம். பக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: ஓவியம் கற்றவன் நான். இப்படியொரு கதையைக் கொங்கு நாட்டில் வைத்து வரையலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக வரையுங்கள். ஆனால் டோக்கியோவின் மதுக்கடைக்குப் பதிலாகக் கோவையின் காபிக் கடையை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கும் வாரத்தில் சாயம் மாறி வந்த துணியை வைத்துக்கொண்டு ஒரு மெர்ச்சண்டைசர் யார் யாருக்குத் தொலைபேசுகிறாள், அந்த நேரத்தில் ஊரிலிருந்து அம்மா அழைத்தால் எந்தக் குரலில் பேசுகிறாள், பீளமேட்டு விடுதிக்குத் தாமதமாகத் திரும்பினால் அங்கே என்ன சொல்லி உள்ளே வருகிறாள் என்பவை உங்களுக்குத் தெரிய வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் நால்வரிடமாவது பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அப்படிப்பட்ட ஒரே நாளை மட்டும் முதலில் வரைந்து, அவர்களிடமே கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். காதலன் இரண்டாம் அத்தியாயத்தில் வந்தால் போதும்.