ஊருக்கு நடுவே போகும் மெயின் ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் வேகம்? கேள்வி பதில்

நெடுஞ்சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் ரோடுகளின் வேக வரம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், எங்க ஊர் வழியா ரெண்டு வழி ரோடு போகுது, வேக போர்டே கிடையாது. அப்ப எவ்வளவு வேகத்துல போகலாம்?

பதில்: தனியாகக் குறைத்து அறிவிக்காத இடத்தில், மத்திய அரசு அறிவிக்கும் உச்ச வேகம்தான் கணக்கு. 2018 ஏப்ரல் அறிவிப்பில், நடுவே தடுப்பு இல்லாத ரோட்டில் காருக்கு 70, பைக்குக்கும் லாரிக்கும் 60. வயல்வெளிக்கு இது சரி. வாசற்படி இறங்கினாலே தார் ரோடு என்று இருக்கும் ஊருக்கு இது ரொம்ப அதிகம்.

கேள்வி: பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு நாங்களே 30னு போர்டு வச்சுடலாமா?

பதில்: செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவுப்படி மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்தவரோதான் வேகத்தைக் குறைக்க முடியும். அரசிதழில் அறிவிப்பும் வர வேண்டும், ரோட்டில் போர்டும் நிற்க வேண்டும். தேர்த் திருவிழா மாதிரி ஒரு மாதத்துக்கு மிகாத கட்டுப்பாடு என்றால் மட்டும் அரசிதழ் தேவையில்லை. அதற்காகத் தீர்மானம் வீண் என்று நினைக்காதீர்கள், கிராம சபையில் போட்டு அதை மனுவோடு இணையுங்கள்.

கேள்வி: 30, 40, 50 இதுல எதுன்னு எப்படி ஐயா முடிவு பண்றாங்க?

பதில்: பழைய வழக்கம், நெரிசல் இல்லாத நேரத்தில் வேகம் அளக்கும் கருவியோடு ரோட்டோரம் நின்று அளப்பது. நூறு வண்டியில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ, அதை ஒட்டி வரம்பு வைப்பார்கள். புறவழிச் சாலைக்கு அது பொருந்தும், ஊருக்குள் அது தப்பு என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அந்த அளவீட்டில் ஓட்டுகிறவர் மட்டும்தான் இருக்கிறார், குடத்தோடு ரோட்டைத் தாண்டுகிற அம்மா இல்லை. டவுன் பஸ் நின்றதும் பிள்ளைகள் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து எதிர்ப்பக்கம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வருகிற கார்க்காரருக்கு அந்தப் பிள்ளை பஸ்ஸின் மூக்கைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். பார்த்து, ஒரு விநாடியில் பிரேக்கை மிதித்தாலும், காய்ந்த ரோட்டில் 30-ல் வந்தால் சுமார் 13 மீட்டரில் வண்டி நிற்கும், 50-ல் 28 மீட்டர், 70-ல் 46 மீட்டர். மழை ஈரத்தில் இன்னும் கூடும். அதனால் வீடுகள் ரோட்டைப் பார்த்திருக்கும் நீளம் முழுக்க 40, பள்ளிக்கூடம், சந்தை, பஸ் ஸ்டாப் பக்கம் 30 என்றுதான் நான் எழுதுவேன்.

கேள்வி: அண்ணே, நான் லாரி டிரைவர். ஊருக்கு ஊர் 40 போட்டா லோடு எப்ப போய்ச் சேரும்?

பதில்: ஒரு கிலோமீட்டரை 60-ல் கடக்க 60 விநாடி, 40-ல் 90 விநாடி. ஓர் ஊருக்கு அரை நிமிடம், பத்து ஊருக்கு ஐந்து நிமிடம். ஆனால் உங்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது தம்பி. வீடே இல்லாத இடத்தில் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே 40 என்று நட்டுவைத்தால் எந்த டிரைவரும் மதிக்க மாட்டார், அப்புறம் ஊருக்குள் இருக்கும் போர்டையும் மதிக்க மாட்டார். இங்கிலாந்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ரோட்டோரம் 20 வீடுகளாவது, குறைந்தது 600 மீட்டர் நீளத்துக்கு இருந்தால் அது கிராமம், அங்கே மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர்தான் வழக்கமான வரம்பு. எண் நமக்கு ஒத்துவராமல் போகலாம், வீடு தொடங்கும் இடத்தில் வரம்பும் தொடங்க வேண்டும் என்பது ஒத்துவரும்.

கேள்வி: ஸ்பீடு பிரேக்கர் போட்டா போதாதா?

பதில்: தேசிய நெடுஞ்சாலையில் கூடாது. மற்ற ரோட்டில், இந்திய சாலைக் காங்கிரஸ் என்னும் ரோடு பொறியாளர் அமைப்பின் 1988 விதிப்படி, வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி 25-ல் குலுங்காமல் ஏறி இறங்கும். நம் ஊர்களில் ராவோடு ராவாகப் போடுவது ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக, வெள்ளைப் பட்டைகூட இல்லாமல். பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் பெண்தான் அதில் தூக்கி எறியப்படுகிறாள். ஊர் எல்லையில் ரோட்டைக் கண்ணுக்குக் குறுக்கிக் காட்டுங்கள், பெரிய ஊர்ப்பலகை, தெருவிளக்கு, கடக்கும் இடத்தில் நடுவே நின்று போக ஒரு திட்டு. இதெல்லாம் இல்லாத வெறும் போர்டு வேகத்தை அவ்வளவாகக் குறைக்காது.

கேள்வி: மீறினா அபராதம்?

பதில்: அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் காருக்கு 1000 முதல் 2000 ரூபாய், லாரி பஸ்ஸுக்கு 2000 முதல் 4000. கருவியில் பதிவான வேகம் வேண்டும், கண்மதிப்பு போதாது.

கேள்வி: மனு யாருக்குக் கொடுக்கணும்?

பதில்: முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த ரோட்டைப் பராமரிக்கும் பொறியாளருக்கும் எஸ்.பி.க்கும் நகல் போகட்டும். எங்கிருந்து எதுவரை வேண்டும் என்று கல் எண்ணோடு எழுதுங்கள், நடந்த விபத்துகளின் எஃப்.ஐ.ஆர். எண்களையும், பள்ளி விடும் நேரத்தில் எடுத்த போட்டோக்களையும் சேருங்கள். ஒப்புகை ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.