தாத்தாவின் மெடலுக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்து 1971 போரில் கலந்துகொண்டவர். இப்போது இல்லை. வீடு மாறியபோது மெடல்கள் தொலைந்துவிட்டன. பாட்டியின் பிறந்தநாளுக்குள் மறுபடி வாங்கி ஃபிரேம் போட்டு மாட்ட ஆசை. வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் ஒருவர் பத்தாயிரம் ரூபாயும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெறும்போது தாத்தாவுக்குத் தந்த டிஸ்சார்ஜ் புக்கும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணமும் வேண்டாம், டிஸ்சார்ஜ் புக்கை அவர் கண்ணில் காட்டவும் வேண்டாம். அதன் ஒரிஜினல் கைமாறிப் போனால் திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விடும். இந்த ஆட்களில் பலர் கடையில் கிடைப்பதை வாங்கித் தலையில் கட்டிவிடுவார்கள். 1971 போர்க்காலத்தில் பணியாற்றியவர்களுக்குத் தந்த சங்ராம் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், அசலில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். கடைச் சரக்கில் மொட்டையாக இருக்கும், இல்லையென்றால் வேறு யாருடைய பெயராவது இருக்கும். இன்னொருவர் பட்ட கஷ்டத்தை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதா?

டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் எழுத்து மாறாமல் எழுதி, தொலைந்ததற்கான போலீஸ் புகார் நகலையும் வைத்து, பாட்டியின் கையெழுத்தோடு நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு போடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் மனு எழுத உதவுவார்கள், அதற்குக் காசு கிடையாது. அந்தப் போரில் கிழக்கு முனையில் நின்றவருக்குப் பூர்வி ஸ்டார் என்ற மெடல், மேற்கு முனையில் நின்றவருக்குப் பஸ்சிமி ஸ்டார். தாத்தா எங்கே நின்றார் என்பது ரெக்கார்டில் இருக்கும். பிறந்தநாளுக்குள் வருமா என்றால், சொல்ல முடியாது. போருக்குப் போனவரை ஒரே இரவில் ரயிலேற்றிய அரசுக்கு அவர் மெடலைத் திருப்பித் தர மட்டும் மேஜை மேஜையாகக் காகிதம் நகர வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதா? வந்தால் சரி. வரவில்லை என்றால் பெரும்பாலும் பெயர்தான் சிக்கல். ராணுவ ரெக்கார்டில் 'பேச்சி', ஆதாரில் 'பேச்சியம்மாள்' என்று இருந்தால் போதும், மனு அப்படியே திரும்பி வரும். கல்யாணத்தைத் தாத்தா அப்போதே ராணுவ ரெக்கார்டில் பதிந்திருந்தால், பாட்டியின் பெயர் எந்த எழுத்தில் ஏறியிருக்கிறது என்று மெடல் மனுவோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். பதிவே இல்லையென்றாலும் கல்யாணச் சான்று, ரேஷன் கார்டு வைத்துச் சேர்க்க வழியுண்டு. பெயர் மட்டும் மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று அபிடவிட் போட வேண்டிவரும். எந்தப் படிவத்தில் என்பதை நல அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் நோட்டரியிடம் போங்கள்.