கட்டக்கோரையில் கரோட்டினாய்டு அளக்க ஸ்பெக்ட்ரோ போதாதா, ஹெச்பிஎல்சி கட்டாயமா?

முதுகலை ப்ராஜெக்ட் செய்கிறீர்கள், ஹெச்பிஎல்சிக்கு வெளியே கொடுத்தால் மாதிரிக்கு இவ்வளவு என்று பணம் கேட்டிருப்பார்கள், அதில் வந்த கேள்வி என்று நினைக்கிறேன். நான் பாம்பன்காரி. என் ஆய்வும் சர்காசம் என்கிற இதே பழுப்புக் கடற்பாசியில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கரோட்டினாய்டு என்பது மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளின் கூட்டம். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது ஸ்பெக்ட்ரோ. கலவையைக் குழாய் வழியே ஓட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து அளப்பது ஹெச்பிஎல்சி. மொத்தம் தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால் ஸ்பெக்ட்ரோ போதும். எது எவ்வளவு என்று எழுத வேண்டுமானால் போதாது. கட்டக்கோரையில் முக்கியமான கரோட்டினாய்டு ஃபியூகோசாந்தின். அது ஒளியை அதிகம் உறிஞ்சுவது 450 நானோமீட்டர் பக்கம். பீட்டா கரோட்டினும் அங்கேதான். பழுப்புப் பாசியில் இருக்கும் குளோரோஃபில் சி வேறு 445 பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பெக்ட்ரோவில் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். ஹெச்பிஎல்சியில் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும், வரைபடத்தில் தனித்தனி உச்சியாகத் தெரியும்.

ஆனால் கருவிக்குப் போகும் முன்பே கெட்டுப்போன பாசியை எந்தக் கருவியும் காப்பாற்றாது. என் ஆய்வின்போது வெளியூர் ஆய்வகம் ஒன்றில், "வெயிலில் காயவைத்துச் சாக்கில் போட்டு அனுப்பும்மா, எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்" என்றார்கள். ஊரில் வியாபாரிக்கு அப்படித்தான் காய்கிறது. ஆல்ஜினேட் என்கிற கூழ்ப்பொருள் எடுக்க அது சரி, நிறமிக்குச் சரியில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வத்தையில் (சிறு படகில்) வந்த பாசியை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கு மணலில், வெயிலில். ஒரு பங்கு ஓலைக்கொட்டகை நிழலில். மூன்றாவதைக் கரையிலேயே அலசி, ஈரம் ஒற்றி, அலுமினியத் தாளில் சுற்றி மீன்பெட்டி ஐஸில் வைத்தேன். வெயிலில் காய்ந்ததில் ஃபியூகோசாந்தின் உச்சி சுருங்கிக் கிடந்தது, பக்கத்தில் குட்டிக் குட்டி உச்சிகள். ஹெச்பிஎல்சியோடு இருக்கும், ஒவ்வொரு உச்சியின் நிறமாலையையும் பதியும் டயோடு அர்ரே டிடெக்டரில் அவற்றின் நிறமாலையைப் பார்த்தால் 330 பக்கம் ஒரு மேடு. சிஸ் வடிவங்களுக்கு, அதாவது அதே மூலக்கூறு வளைந்து மாறிய வடிவங்களுக்கு, அதுதான் அடையாளம். நிழலில் காய்ந்தது பரவாயில்லை. ஐஸில் வந்ததில் உச்சி நெடுநெடுவென்று நின்றது. ஸ்பெக்ட்ரோவில் பார்த்திருந்தால் குறைந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கும், எது எதுவாக மாறியது என்று தெரிந்திருக்காது. அந்த வரைபடத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். "மண்டபம் கடற்கரையில் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்று ஆய்வேடுகளில் ஒரு வரி வரும். யார் சேகரித்தது? விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு பாறைக்கடியில் மூழ்கி எடுத்தவர்கள் எங்கள் ஊர் அக்காமார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. மரிக்கொழுந்துப் பாசி எது, பக்கோடா பாசி எது, எந்த மாதத்தில் எது தழைக்கும் என்று எல்லாம் அவர்கள் வாயிலிருந்து கேட்டு ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டு போகிறார்கள். நன்றியுரையில் கணினி தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கும், இவர்கள் பெயர் இருக்காது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். ஸ்பெக்ட்ரோவை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும் தூய நிறமிக் கரைசலின் (ஸ்டாண்டர்டு) அடர்த்தியைச் சரிபார்க்க அதுதான் வேண்டும். பீட்டா கரோட்டினுக்குப் பெட்ரோலியம் ஈதரில் 450 நானோமீட்டரில் ஒரு சதவீதக் கரைசலின் உறிஞ்சல் மதிப்பு 2592. அதை வைத்துக் கணக்குப் போடுங்கள், பாட்டிலில் ஒட்டிய எடையை நம்பாதீர்கள். கீரைக்குச் செய்கிற மாதிரி கொழுப்பையும் குளோரோஃபில்லையும் நீக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்கிற காரம் போட்டுச் சோப்பாக்கவும் வேண்டாம். காரத்தில் ஃபியூகோசாந்தின் சிதையும். இறால் ஓட்டு அஸ்டாசாந்தினும் அப்படித்தான், அஸ்டசீனாக மாறிவிடும். முருங்கைக்கீரை என்றால் லூட்டினையும் ஸியாசாந்தினையும் பிரிக்க ஹெச்பிஎல்சியில் சி30 வகைப் பிரிப்புக் குழாய் தேடலாம். உங்கள் பாசிக்கு சி18 போதும்.

ஜன்னலை மூடிவிட்டு மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். சக்கை வெளுக்கும்வரை அசிட்டோனை மாற்றி மாற்றி ஊற்றி எடுங்கள். அன்றைக்கே கருவியில் ஓட்ட முடியாவிட்டால் நைட்ரஜன் ஊதி உலர்த்தி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.