அந்தப் பொத்தானைத் திரும்ப வையுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பெருமூளை வாதம், பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் குரல் வருகிற செயலியோடு டேப்லெட் வாங்கி 6 மாதமாகிறது. பசி, தண்ணீர், பாத்ரூம் தவிர எதையும் தொடுவதில்லை, என்னோடு பேசுவதே இல்லை. ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் ‘வேண்டாம்’ என்றே அழுத்திக்கொண்டிருந்தான், அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். வேறு நல்ல செயலி இருக்கிறதா? இதற்குப் பழகிவிட்டால் பேச்சே வராமல் போய்விடுமோ என்றும் பயம்.

பதில்: செயலியை அப்புறம் பார்க்கலாம். ‘அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

இந்த 8 வருடமும் அவன் உடம்பை மற்றவர்கள்தான் தூக்கினார்கள், திருப்பினார்கள், குளிப்பாட்டினார்கள், பயிற்சி என்று காலைப் பிடித்து நீட்டினார்கள். ஒரு தடவையாவது யாராவது அவனைக் கேட்டிருப்பார்களா? அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல்முறையாக ஒரு குரல் கிடைத்தது, அவன் ‘வேண்டாம்’ என்றான். பேசவில்லை என்கிறீர்கள். பேசினான் அம்மா, உங்களுக்குப் பிடிக்காததைப் பேசினான், நீங்கள் வாயைப் பொத்திவிட்டீர்கள். பேச்சு வந்த பிள்ளை 2 வயதில் நாள் முழுக்க மாட்டேன், மாட்டேன் என்று படுத்தும்போது அதன் நாக்கிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிடுகிறோமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் கண்ணில் படாத இடத்தில் யாராவது அவனைத் தொடக்கூடாத விதத்தில் தொட்டால் எதை அழுத்துவான்? தண்ணீரையா? கத்திக் கூப்பிட முடியாத பிள்ளைக்குத்தான் ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வலிக்கிறது’ மூன்றும் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாகத் தேவை. அவற்றை அவன் கையில் கொடுப்பது, பசிக்குச் சாப்பாடு கொடுப்பது போலப் பெற்றவர்களின் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அவன் வேண்டாம் என்றதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மருந்து குடித்துத்தான் ஆக வேண்டும். ‘வேண்டாம்னு சொன்னே, கேட்டேன், கசக்கும்தான், ஆனா குடிக்கணும் கண்ணா’ என்று பதில் சொல்லுங்கள். சொன்னது காதில் விழுந்தது என்று அவனுக்குத் தெரிந்தால்தான் அடுத்த சொல் வரும்.

பேச்சு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூட இந்த மாதிரி உதவியால் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது.

சரி, அந்த டேப்லெட்டில் நீங்கள் எத்தனை தடவை பேசியிருக்கிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எந்தக் குழந்தையும் ஏறக்குறைய ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. இவன் பொத்தானால் பேசுகிற ஒருவரையும் பார்க்காமல் எப்படிக் கற்பான்? நீங்கள் வாயால் பேசும்போதே ஓரிரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். ‘அம்மா’, ‘களைப்பு’. ‘பிடிக்கும்’. ‘இன்னும்’. அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள். தொட்டுவிட்டுக் காத்திருங்கள், அவன் கை நகர நேரமாகும், அதற்குள் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அப்புறம், டேப்லெட் எப்போதும் சார்ஜோடு அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

‘வேண்டாம்’ பொத்தானை முன்பு இருந்த அதே கட்டத்தில் வையுங்கள். தட்டச்சு பழகியவருக்கு எழுத்து இருக்கிற இடம் விரலுக்கே தெரிவது போல, அவன் விரலுக்கும் அந்த இடம் இன்னும் தெரிந்திருக்கலாம். புதுச் செயலிக்கு மாறினால் அதுவும் போய்விடும், அதனால் இப்போதைக்கு இதுவே இருக்கட்டும்.

இன்றைக்கே வையுங்கள். அநேகமாக அவன் முதலில் தொடப்போவது அதைத்தான். தொட்டவுடன், அவசரமில்லாத வேலை எதுவானாலும், கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள்.